மாமாவின் புளியங்கொட்டை

முன்பள்ளிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் முறை எங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் நான் கோழிக்கு முன்னமே எழும்பிவிடுவேன். நாளுக்கு ஒரு பிள்ளையின் வீட்டார் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே வழக்கம். மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். இருட்டோடு பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். மருமகன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். உழவு காலத்தில் அவரைக் கண்ணால் காண்பதே அருமை. ஆகவே முறைக்குப் போவது நான்தான். பயறு அவித்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, வாளியை ஒரு கையிலும் பேத்தியை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கட்டால் நடப்பேன். தண்ணீர் திறந்துவிட்ட நாளென்றால் அவள் ஒவ்வொரு மதகிலும் நின்று எட்டிப் பார்ப்பாள். பயறு ஆறிவிடும். ஆறட்டும், பிள்ளைகளின் வாய் சுடாது.

பயறு கொடுத்து முடிந்ததும் மற்ற அம்மாமார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் போவதில்லை. வாளியைக் கழுவுவேன். கவிழ்த்து வைப்பேன். காயட்டும் என்று யன்னலோரம் நிற்பேன். எனக்கு உள்ளே நடக்கிறதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு ரீச்சர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

“அம்மம்மா, வாளி காஞ்சு வெடிக்கப்போகுது. உள்ளுக்கை வந்து இருங்கோவன்.”

எனக்கு எழுத்துத் தெரியாது. எங்களைப் பெத்த அப்பு யாழ்ப்பாணப் பக்கமிருந்து காணி கிடைத்து உருத்திரபுரத்துக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. பிறகு எனக்குக் கீழே ஐந்து பேர் பிறந்தார்கள். அவர்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததில் பள்ளிக்கூட வாசல் என்னைக் காணவேயில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். நான் “ஒண்டு” என்றால் அவள் “ஒன்று” என்று எழுதுகிறாள். வாசித்துக் காட்டும்போது நான் ஏதோ அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்தவள் மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே விடு என்று சொல்லிவிட்டேன்.

அந்த முன்பள்ளியில் புத்தகம் அவ்வளவு இல்லை. எல்லாம் கையால் தொடுகிற சாமான்கள். சோடாப் போத்தல் மூடிகள் ஒரு பெட்டி நிறைய. அவற்றை நிறம் பார்த்துப் பிரித்து அடுக்க வேண்டும். ஐஸ்பழக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். மரத்தைத் தேய்க்கிற சுரசுரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி மட்டையில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, “இது ஆனா, இது ஈனா” என்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் எழுத்துக்கு இப்படி ஒரு உடம்பு இருந்ததை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், நான் தம்பிமாரை இறக்கி வைத்துவிட்டு ஓடியிருப்பேன்.

எல்லாவற்றிலும் எனக்கு ஆசை அந்த மணல் தட்டில்தான். சலித்த வெள்ளை மணலை ஒரு தட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். எழுதலாம், பிழை வந்தால் தட்டை ஒருக்கால் குலுக்கினால் போதும், எல்லாம் போய்விடும். ரீச்சர் என் விரலைப் பிடித்து வைத்து ஒரு ‘அ’ எழுதுவித்தார். பிறகு நானாகவே ஒன்று எழுதினேன். பக்கத்தில் இருந்த, முன்பல் இரண்டும் விழுந்த பெண்பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்தாள்.

“அம்மம்மா, இது ஆனா இல்லை. இது படுத்திருக்கிற பூனை.”

“பூனை படுத்தால் உனக்கென்ன?” என்றேன்.

“எழுப்பிவிடுங்கோ.”

குலுக்கினேன். திரும்ப எழுதினேன். இப்போது எனக்கு ஆறு எழுத்துத் தெரியும். மருமகனிடம் சொன்னேன், “அடுத்த முறை வோட்டுக்கு மாமியையும் நிப்பாட்டுவம்” என்கிறார். சரி, அதை விடுவோம். நான் சொல்ல வந்தது புளியங்கொட்டைக் கதை.

புளியங்கொட்டைகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, ஒரு பெரிய போத்தலில் போட்டு வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் எங்கள் வீட்டு மரத்துக் கொட்டைகள், நான் கொடுத்தது. ஒருநாள் ரீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிடி கொட்டை கொடுத்துவிட்டு, “உங்கட வீட்டிலை எத்தினை பேர் இருக்கினம்? ஆளுக்கு ஒரு கொட்டை வையுங்கோ பாப்பம்” என்றார். பிள்ளைகள் பாயில் குந்தியிருந்து வைக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி ஒன்பது வைத்தாள். கேட்டால் ஆடும் மூன்று குட்டியும் சேர்த்தியாம். இன்னொருவன் இரண்டு வைத்துவிட்டு, “அப்பா வெளிநாட்டிலை, அவர் போனுக்கை இருக்கிறார்” என்று பாயின் ஓரத்தில் தள்ளி மூன்றாவதை வைத்தான். ரீச்சரும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

என் பேத்தி ஐந்து வைத்தாள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வைத்தாள். அம்மா, அப்பா, அம்மம்மா, நான், மாமா.

ரீச்சர் குனிந்து, “பிள்ளை, வீட்டிலை நாலு பேரெல்லோ?” என்றார்.

“அஞ்சு. மாமாவுக்கும் போட வேணும்.”

ரீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். அவருக்கு விளங்கிவிட்டது. “சரி செல்லம், அஞ்சு” என்று தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் கணக்கு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் அரிசியைத் தகரப் பேணியால் அளப்பதில்லை. ஆளுக்கு ஒரு பிடி. பின்னேரம் குசினியில் பேத்தியும் பக்கத்தில் இருப்பாள். நான் பெயர் சொல்லிச் சொல்லிச் சட்டிக்குள் போடுவேன், அவளும் கூடச் சொல்லுவாள். அவள் எண்ணப் பழகியதே அப்படித்தான். அதில் ஐந்தாவது பிடி என் மகனுடையது.

அந்தப் பழக்கம் சண்டைக்காலத்துக் கடைசி இடப்பெயர்வில் வந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு தறப்பாள் விரிப்புக்குக் கீழே இருந்தோம். அப்போது நாங்கள் நாலு பேர்: நான், என் மனுசன், மகன், மகள். அரிசி அளக்கிற அளவில் இல்லை, ஆளுக்கு ஒரு பிடி கஞ்சிக்கு. ஒன்று இரண்டு என்று எண்ணினால் ஷெல் விழுகிற அந்தச் சத்தத்தில் நடுவில் பிசகிவிடும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெயர் சொன்னால் பிசகாது. அப்படித்தான் பெயர் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கும் சொல்லிச் சொல்லித்தான் போட்டேன். மகன் தண்ணீர் எடுக்கப் பிளாஸ்டிக் கானைத் தூக்கினான். மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது, எப்போதும் பசி.

“எனக்கும் போட்டாச்சோ அம்மா?”

“போட்டாச்சு. கெதியா வா.”

கஞ்சி வெந்தது. நாங்கள் குடித்தோம். அவனுடைய பங்கை ஒரு மூடிப் பேணியில் ஊற்றி வைத்தேன். அங்கிருந்து வெளிக்கிட்டபோதும் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் அது புளித்து நுரைத்தது. என் மனுசன் வாங்கிக்கொண்டு போய் எங்கேயோ ஊற்றிவிட்டு வந்தார். எங்கே என்று நான் பார்க்கவில்லை. மகன் போன பக்கம் யார் யாரையோ விசாரித்தோம். இன்றுவரைக்கும் விசாரிக்கிறோம். அவனைக் கண்டேன் என்றும் ஒருவர் சொன்னதில்லை, அவன் இல்லை என்றும் ஒருவர் சொன்னதில்லை. வெறும் கானில் ஏதாவது முட்டுப்படுகிற சத்தம் கேட்டால் இப்போதும் என் கண் உலைக்குத்தான் போகும்.

இந்த இடத்தில் மகள் தேத்தண்ணீர் போடப் போய்விட்டு இப்போதுதான் வந்து இருக்கிறாள். அவளும் அந்தக் கஞ்சியைக் குடித்தவள்தானே.

அந்த ஐந்தாவது பிடி என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். வெந்த பிறகு ஒரு கோப்பையில் எடுத்து மூடி வைப்பேன். காலையில் தண்ணீர் ஊற்றி, வெங்காயம் கடித்துக்கொண்டு நானே சாப்பிடுவேன். காகத்துக்கு மட்டும் போடமாட்டேன். காகத்துக்கு வைப்பது செத்தவர்களுக்கு. என் மனுசன் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து நோய் வருத்தத்தில் செத்தார். அவருடைய திவசத்துக்கு வாழையிலையில் சோறு வைத்துக் கூப்பிடுவேன், காகம் வரும். மகனுடைய சோற்றைக் காகத்துக்கு வைத்தால் நானே அவனைச் செத்தவன் ஆக்கினதாகிவிடும். பேத்தி ஒருநாள் அந்தக் கோப்பையை வேலியோரம் கொண்டுபோனபோது நான் போட்ட சத்தத்தில் அவள் நடுங்கிப்போனாள். “மாமாவின்ரையைக் காகத்துக்குக் குடுக்கப்படாது!” அதைச் சொல்லி ஒரு வருசம் இருக்கும். பிள்ளைகள் எதை மறக்கும் எதை வைத்திருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

புளியங்கொட்டை வைத்து ஒரு மாதம் போயிருக்கும். அன்றைக்கும் என் முறை. ரீச்சர் எல்லாரையும் ஐந்து ஐந்து கொட்டை வைக்கச் சொன்னார். கையை இறக்கை மாதிரி விரித்து, பாயைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடினார். “கா, கா, கா! காகம் ஒண்டு வந்துது. அஞ்சு கொட்டையிலை ஒண்டைக் கொத்திக்கொண்டு போட்டுது. மிச்சம் எத்தினை?” பிள்ளைகள் ஒரு கொட்டையைத் தட்டிவிட்டு, “நாலு!” என்று கூச்சல் போட்டார்கள். நானும் கத்தினேன். எனக்கும் ஐந்து கொட்டை தந்திருந்தார் ரீச்சர்.

என் பேத்தி இரண்டு கையாலும் கொட்டைகளைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள்.

“காகத்துக்குக் குடுக்கேலாது!”

“விளையாட்டுக்குத்தானே குஞ்சு” என்றார் ரீச்சர்.

“ஏலாது!”

ரீச்சர் கெட்டிக்காரி. உடனே காகத்தைக் கிளி ஆக்கினார். பேத்தி தலையை மட்டும் தூக்கி, “கிளி எப்ப திருப்பிக் கொண்டுவரும்?” என்று கேட்டாள். அணில் ஆக்கினார். “அணில் எங்கை கொண்டுபோகும்?” பிறகு அழத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. ஐந்து கொட்டையையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே கதை. கூட்டல் என்றால் கேட்ட கேள்விக்கு அந்த நிமிசமே பதில். போத்தல் மூடி என்றாலும் குச்சி என்றாலும் வைக்கச் சொன்னால் வைப்பாள், எடுக்கச் சொன்னால் கை மூடிவிடும். ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார்.

“தை மாதம் ஒண்டாம் ஆண்டுக்குப் போகப்போறா. அங்கை நாப்பது பிள்ளையளுக்கு ஒரு ரீச்சர். இப்பிடி அழுதால் ஆர் மினக்கெடுவினம்? அவவுக்கு விளங்காமல் இல்லை அம்மம்மா. ஒண்டு போனா நாலு எண்டு நல்லா விளங்குது. விளங்கிறபடியால்தான் விடுறா இல்லை.”

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். வேலையால் வந்து கால்கூடக் கழுவாமல் கதிரையில் இருந்தவள், கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

“அம்மா, எனக்கும் அவன் அண்ணன்தான். நானும் ஒவ்வொரு நாளும் படலையைப் பாக்கிறனான். அது உங்களோடையும் என்னோடையும் நிக்கட்டும். அவளுக்குக் குடுக்காதேங்கோ. அவள் ஆளைக் கண்டதுமில்லை.”

“நான் என்ன குடுத்தனான்?”

“உங்களுக்குத் தெரியும்.”

தெரியும்தான். என் பேத்தியின் கை மூடுகிறபோது நான் பார்த்தது என் கையை. அது ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் எப்படி ஏறியது? வயது போன பிறகு பிள்ளை ஒருத்தி அம்மம்மா என்று சொல்லி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள் என்று நான் குளிர்ந்துபோய் இருந்தேன். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பின்னால் நிற்கிற ஒருவனை.

மறுநாள் பின்னேரம் வேப்பமரத்துக்குக் கீழே சாக்கை விரித்தேன். அவளும் நானும் இருந்தோம். ஐந்து கொட்டையும் வைக்கச் சொன்னேன். வைத்தாள், பெயர் சொல்லித்தான்.

“இப்ப அம்மம்மாதான் காகம்” என்றேன். கையை நீட்டினேன்.

அவள் கொட்டையைப் பொத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாள். “நீங்களோ எடுக்கப்போறியள்? ஆற்றையை?”

என் கை அந்தரத்தில் நின்றது. நேரே கீழே கிடந்தது மாமாவின் கொட்டை. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது, பளபளவென்று. அவள் அதற்கென்று தெரிந்து எடுத்திருப்பாள் போல. ஒரு புளியங்கொட்டைதான். என் வீட்டு மரத்திலிருந்து நானே பொறுக்கிக் கழுவியது. எடுத்தால் ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். என் விரல் போகவில்லை.

“என்ரையை” என்றேன். என்னுடைய கொட்டையை எடுத்தேன். “காகம் அம்மம்மாவைக் கொண்டு போட்டுது. மிச்சம் எத்தினை?”

அவள் யோசித்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். “அம்மா, அப்பா, நான், மாமா.” விரலை மடக்கினாள். “நாலு!”

“என்ர ராசாத்தி!” என்று கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கை இடுக்கில் இருந்துகொண்டே, “காகம் உங்களை எங்கை கொண்டுபோகும்?” என்று கேட்டாள்.

“அம்மப்பாவிட்டை.”

“அப்ப சரி” என்றாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு முறை இல்லை. இருந்தும் போனேன். ரீச்சர் காகமாக ஓடி வந்தார். பேத்தி தானாகவே ஒரு கொட்டையை எடுத்து ரீச்சரின் கையில் வைத்தாள். “இந்தாங்கோ காகம், அம்மம்மாவைக் கொண்டு போங்கோ. மிச்சம் நாலு.” பாய் முழுக்கச் சிரிப்பு. முன்பல் இல்லாதவள் எழும்பி என்னைப் பார்த்து, “அம்மம்மா, போயிட்டு வாங்கோ!” என்று கை காட்டினாள். எல்லாரிலும் கூடச் சிரித்தது நான்தான், கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. ரீச்சர் பேத்தியின் கொப்பியில் ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டார். பாதைமுழுக்க அவள் கொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மகள் வந்ததும் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். அவள் நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தாள். தன் மகளைத் தூக்கிக் கொஞ்சினாள். பிறகு கேட்டாள்.

“அந்த நாலும் ஆர் ஆர் பிள்ளை?”

“நீங்கள், அப்பா, நான், மாமா.”

மகள் அவளை இறக்கி விளையாட அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

“நீங்கள் போன பிறகு அண்ணனுக்கு அரிசி போடுறது அவளோ அம்மா?”

அதுவரைக்கும் எனக்கு அது படவேயில்லை. கணக்குச் சரியாக வந்த சந்தோசத்தில் மிச்சம் இருப்பது யார் என்று நான் பார்க்கவில்லை. குடுக்காதேங்கோ என்று அவள் கேட்ட ஒன்றைத்தான் சாக்கை விரித்து இருத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மணல் தட்டு என்றால் குலுக்கிவிடலாம்.

 அவள் என் பதிலுக்கு நிற்கவில்லை. அன்று பின்னேரம் குசினிக்கு எனக்கு முன்னமே அவள் போய்விட்டாள். பெட்டகத்துக்குப் பின்னால் கிடந்த பழைய பால்பேணிச் சுண்டைத் தேடி எடுத்துக் கழுவினாள். இனிமேல் அரிசி போடுவது தான்தான் என்றாள், சுண்டால் அளந்துதான் போடுவாளாம். பேத்தி வழக்கம்போல் சட்டிக்குப் பக்கத்தில் குந்தி, வாயைத் திறந்து ஆயத்தமாக இருந்தாள்.

மகள் ஒரு சுண்டு போட்டாள். இரண்டாவதை அள்ளி உள்ளங்கையால் வழித்து மட்டமாக்கினாள். போட்டாள். முடிந்தது. யாருடைய பெயரும் வரவில்லை.

பேத்தி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கையை விட்டு அரிசியைக் கிளறினாள்.

“இதிலை மாமாவின்ரை எது?”

மகள் சுண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அரிசி விழுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு அரைச்சுண்டு இருக்கும். அவள் குழாயடிக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். பேத்தி அவளுக்குப் பின்னாலே போனாள், “எது அம்மா, எது?” என்று கேட்டுக்கொண்டு.